காரில் ஓசை நின்றுபோனால்



வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவரிற் பலருக்குத் தமிழோசை தடையின்றிச் செவியில் விழும் இடம் ஒன்று உண்டென்றால், அது அவர்களுடைய காரின் உள்ளிடந்தான். கடைவீதியில் ஹிந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம், அண்டை வீட்டில் மராத்தியோ, வங்காளமோ, கன்னடமோ. கதவைச் சாத்திச் சாவியைத் திருகியதும் ஒரு நாகசுர இசையோ பழைய திரைப்பாடலோ எழுகிறது. பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் குழந்தைகள், தாம் பிறவாத ஊரின் மொழியை அப்பாட்டின் வழியே கற்றுக்கொள்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட்டால், டில்லியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். மும்பையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல். அத்துணைத் தொலைவையும் மௌனமாகக் கடப்பது எளிதன்று.

அத்தகைய காரில் ஒரு நாள் திடீரென்று ஓசை நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு பாட்டோடு முடிவதில்லை. இக்காலக் கார்கள் பலவற்றில், வழிகாட்டும் குரலும், கைப்பேசியைக் கையில் எடுக்காமல் பேசும் பேச்சும் அதே ஸ்பீக்கர்களின் வழியாகத்தான் வருகின்றன. சிலவற்றில், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எழும் எச்சரிக்கை ஒலியும் அவ்வாறே. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் அன்பருக்கு வழி சொல்லும் குரல் கேளாது போனால், அவர் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையைப் பார்க்க நேர்கிறது. அதனால் விளையும் தீங்கை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மொழி சரளமாக வராத ஊரில், கடைக்காரர், "செட் போய்விட்டது, புதிது போடுங்கள்" என்று கூறினால், ஏன், எப்படி என்று கேட்க நமக்குச் சொல் எழுவதில்லை. சில ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். புதுச் செட்டைப் பொருத்திய பின்னும் சில வேளை ஓசை வருவதில்லை. ஏனெனில் பழுது செட்டில் இருக்கவேயில்லை. சில ரூபாய் விலையுள்ள ஒரு பியூஸோ, கதவோரத்தில் தோலுரிந்த ஒரு கம்பியோதான் குற்றவாளி. இப்பழுதை வரிசையாகத் தேடிக் கண்டறியும் முறையையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் கொள்வோம். ஓசை ஒரு வழியே பயணம் செய்கிறது. பாட்டரியிலிருந்து மின்சாரம் பியூஸைக் கடந்து டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோவை அடைகிறது. வானொலி, பென் டிரைவ், கைப்பேசி ஆகிய ஏதேனும் ஒன்றிலிருந்து மெல்லிய ஒலிக்குறி அதனுள் புகுகிறது. அதனை ஆம்ப்ளிபயர் என்னும் பகுதி வலுவாக்குகிறது. பிறகு அது கம்பிகளின் வழியே கதவுகளில் உள்ள ஸ்பீக்கர்களைச் சேர்ந்து, அங்கே காகிதக் கூம்பை அசைத்துக் காற்றில் ஒலியாகிறது. மின்சாரம், மூலம், ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் என இவ்வழியில் நான்கு நிலையங்கள் உள. ரெயில் எந்த நிலையம் வரை வந்தது, எந்த நிலையத்திற்கு வரவில்லை என்று தெரிந்துவிட்டால், தடை எங்கே என்று கண்டுபிடிப்பது பெரிய காரியமன்று. நான்கையும் ஒரே சமயத்தில் சந்தேகிப்பவர்தாம் காசை இழக்கிறார்.

ஆகவே கருவி எதையும் கையில் எடுக்குமுன், நான்கு கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்வோம். செட்டில் விளக்கு எரிகிறதா, இல்லையா? எரிந்தால், எல்லா ஸ்பீக்கர்களும் ஊமையா, ஒன்று மட்டுமா? வானொலி, கைப்பேசி, பென் டிரைவ் ஆகிய எல்லாவற்றிலும் ஓசை இல்லையா, ஒன்றில் மட்டும் இல்லையா? ஓசை அறவே நின்றதா, விட்டுவிட்டு வருகிறதா? இவற்றின் விடைகளே பழுதின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

கருவியின்றிச் செய்யத்தக்க சோதனைகளை முதலில் காண்போம். இவை மிக எளியவை. எளியவை என்பதனாலேயே மறக்கப்படுபவை. ஒலியை அடக்கும் பொத்தான் அமுங்கியிருக்கலாம். பல கார்களில் அது ஸ்டீயரிங் சக்கரத்தின் மீதே இருப்பதால், திருப்பும்போது விரல் பட்டு அமுங்கிவிடும். அடுத்து, ஒலியை முன்னும் பின்னும், இடமும் வலமும் பிரித்துக் கொடுக்கும் அமைப்பைப் பாருங்கள். பின்புற ஸ்பீக்கர்களே இல்லாத காரில், குழந்தை விளையாட்டாக ஒலி முழுவதையும் பின்னுக்குத் தள்ளியிருந்தால், செட் பாடிக்கொண்டிருந்தும் நமக்கு ஒன்றும் கேட்காது. கைப்பேசியைப் புளூடூத் மூலம் இணைத்திருந்தால், கைப்பேசியின் ஒலியளவு தனி, காரின் ஒலியளவு தனி என்பதை நினைவிற்கொள்க. ஒன்று குறைந்திருந்தாலும் போதும். கைப்பேசி வேறு ஒரு காதுக்கருவியோடு இணைந்திருக்கவும் கூடும். இறுதியாக, பல செட்டுகளில் ஊசி நுழையும் அளவுள்ள சிறு துளைக்குள் ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் செட்டின் உள் நினைவு புதிதாகத் தொடங்கும். கணிப்பொறி திகைத்து நின்றால் அணைத்து மீண்டும் போடுகிறோம் அல்லவா? இதுவும் அதுவே. சேமித்து வைத்த நிலையங்களும் அமைப்புகளும் இதனால் அழியக்கூடும் என்பதை மட்டும் அறிந்து செய்யுங்கள்.

இவற்றால் பயன் விளையவில்லை என்றால் நிலையங்களை ஒவ்வொன்றாக நாடிச் செல்வோம். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் கிடைக்கும். மும்பையின் லாமிங்டன் சாலை போன்ற மின்பொருள் அங்காடிகளிலும், இன்று இணையக் கடைகளிலும் அதனை வாங்கலாம். அதுவும் ஒரு 1.5 வோல்ட் பாட்டரிக் கட்டையும் இருந்தால் நம் சோதனைச்சாலை நிறைவு பெற்றுவிடும்.

செட்டில் விளக்கே எரியவில்லை என்றால், முதல் நிலையமாகிய மின்சாரத்தில் குறை. சாவியை அணைத்துவிட்டுப் பியூஸ் பெட்டியைத் திறவுங்கள். ஓட்டுநர் பக்கத்து டாஷ்போர்டின் கீழே ஒன்றும், பானெட்டின் அடியில் ஒன்றுமாகப் பல கார்களில் இரண்டு பெட்டிகள் உண்டு. மூடியின் உட்புறத்திலோ, வண்டியோடு தந்த கையேட்டிலோ எது ஸ்டீரியோவுக்குரிய பியூஸ் என்று குறித்திருப்பார்கள். தட்டையான இரு கால்களும், நிறமுள்ள பிளாஸ்டிக் தலையும் உடைய சிறு துண்டு அது. உள்ளே தெரியும் உலோக இழை அறுந்திருந்தால் பியூஸ் போய்விட்டது. தலையின் நிறமே அதன் அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. செட்டின் முதுகிலும் இன்னொரு பியூஸ் இருப்பதுண்டு. பெட்டியிலுள்ளதைப் பார்த்துவிட்டு இதனைப் பாராமல் விடுவோர் பலர்.

பியூஸ் அறுந்திருந்தால் அதே நிறமுள்ள புதியதைப் போடுங்கள். அதுவும் உடனே அறுந்தால், அங்கே ஓர் எச்சரிக்கை மணி அடிக்கிறது என்று பொருள். அப்போது பெரிய பியூஸைப் போடுவதும், அறுந்த பியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் நம் நாட்டில் அடிக்கடி காணும் காட்சிகள். நேயர்களே, இதனை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். பியூஸ் என்பது கம்பியின் காவற்காரன். 10 ஆம்பியரைத் தாங்கும் மெல்லிய கம்பிக்கு 30 ஆம்பியர் பியூஸைக் காவல் வைத்தால், பழுது நேரும்போது பியூஸ் அறாது. கம்பியே பழுக்கக் காய்ந்து, தன்மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கொளுத்தும். டாஷ்போர்டின் உள்ளே பற்றும் தீயை ஓடும் காரில் அணைப்பது அரிது. பாட்டுக்காக வண்டியையும் உள்ளிருப்போரையும் பணயம் வைக்கலாகாது.

பியூஸ் மீண்டும் மீண்டும் அறுவதன் காரணத்தை அறிய ஓர் எளிய வழி உண்டு. செட்டின் முதுகிலுள்ள செருகியைக் கழற்றிவிட்டுப் புதிய பியூஸைப் போட்டுச் சாவியைத் திருகுங்கள். இப்போதும் அறுந்தால் குற்றம் வண்டியின் கம்பியில். அறாவிட்டால் செட்டிலோ, அதனோடு இணைந்த பகுதியிலோ.

பியூஸ் நன்றாக இருந்தும் விளக்கு எரியவில்லையா? மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட் அளவையில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். என்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டும். ஓய்வில் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், பாட்டரி ஏறத்தாழக் காலி என்று கொள்ள வேண்டும். டில்லியின் ஜனவரிக் குளிரில் தளர்ந்த பாட்டரி இவ்வாறு கைவிடுவது வழக்கம். தனியே வாங்கிப் பொருத்திய செட்டுகளில் கம்பிகளின் நிறம் பெரும்பாலும் ஒரே முறைப்படி அமைந்திருக்கும். மஞ்சள் கம்பியில் எந்நேரமும் 12 வோல்ட் இருத்தல் வேண்டும். செட்டின் நினைவைக் காப்பது அது. சிவப்புக் கம்பியில் சாவியைத் திருகும்போது மட்டும் 12 வோல்ட் வரவேண்டும். கறுப்புக் கம்பி, வண்டியின் இரும்புக் கூட்டோடு சேரும் எர்த். எரிந்துகொண்டிருந்த செட் ஒவ்வொரு முறை சாவியை அணைக்கும்போதும் தன் நிலையங்களை மறந்துவிட்டால், மஞ்சள் கம்பியில் குறை, அல்லது மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியுள்ளன. ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் இவ்விரண்டும் இடம் மாறியிருப்பதுண்டு. அங்ஙனமே எர்த் கம்பியின் முனை துருப்பிடித்திருந்தால், மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் செட் உயிர் பெறாது. கடற்கரை நகரங்களில் வாழ்வோர் இதனை முதலிலேயே பார்ப்பது நலம்.

பாட்டரியைக் கழற்றி மாற்றிய பின் செட் ஒரு குறியீட்டு எண்ணைக் கேட்டுக்கொண்டு ஊமையாக நின்றால், அது பழுதன்று. திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு. அவ்வெண் வண்டியின் கையேட்டோடு தரப்படும் அட்டையில் இருக்கும். பழைய கார் வாங்குவோர் அந்த அட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து, விளக்கு எரிகிறது, பாட்டின் பெயரும் திரையில் ஓடுகிறது, ஆனால் எந்த ஸ்பீக்கரிலும் ஓசை இல்லை என்னும் நிலையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலோர் செட் போய்விட்டது என்று முடிவு கட்டும் இடம் இதுதான். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இக்காலச் செட்டுகளில் நான்கு ஸ்பீக்கர்களுக்கும் உரிய ஆம்ப்ளிபயர் பெரும்பாலும் ஒரே சில்லில் அடங்கியுள்ளது. ஸ்பீக்கர்க் கம்பிகள் இரண்டில் எதுவும் எர்த் அன்று. இரண்டிலும் மின்னழுத்தம் உண்டு. ஆதலால் நான்கு ஸ்பீக்கர்களின் எட்டுக் கம்பிகளில் ஏதேனும் ஒன்று தோலுரிந்து இரும்புக் கூட்டைத் தொட்டால், அச்சில் தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு நான்கு வழிகளையும் மூடிவிடக்கூடும். பின் கதவில் ஒரு கம்பி உரிந்ததற்கு முன் கதவு ஸ்பீக்கரும் ஊமையாவது இதனால்தான்.

கம்பி உரியும் இடம் எது? கதவுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே, கீலுக்கு அருகில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர்க் குழாய் இருக்கும். கதவைத் திறந்து மூடுந்தோறும் அதனுள்ளே கம்பி மடங்கி நிமிர்கிறது. ஆண்டுகள் பல செல்ல, அங்கே அது உரிகிறது அல்லது முறிகிறது. ஓசை விட்டுவிட்டு வரும் காரில், பாட்டை மெல்ல வைத்துக்கொண்டு கதவை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு அசையும்போது ஓசை வந்து வந்து போனால், பழுதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஓசை அறவே இல்லாவிட்டால், சாவியை அணைத்து, செட்டின் முதுகிலிருந்து ஸ்பீக்கர்ச் செருகியைக் கழற்றுங்கள். பல செட்டுகளில் ஐ.எஸ்.ஓ. 10487 என்னும் பொது முறைப்படி இரண்டு செருகிகள் உண்டு. எட்டு முனை கொண்ட ஒன்று மின்சாரத்துக்கும், எட்டு முனை கொண்ட மற்றொன்று ஸ்பீக்கர்களுக்கும். வெள்ளை முன் இடம், சாம்பல் முன் வலம், பச்சை பின் இடம், ஊதா பின் வலம் என்பது தனியே வாங்கும் செட்டுகளின் நிறமுறை. ஒவ்வொரு நிறத்திலும் இரு கம்பிகள். எதிர்முனைக் கம்பியில் கறுப்புக் கோடு. வண்டிப் பக்கத்துச் செருகியில் ஒரே ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் ஏறத்தாழ 3 முதல் 4 ஓம் காட்டினால் அந்த ஸ்பீக்கரும் அதன் கம்பியும் நலம். எல்லையற்ற தடை காட்டினால் எங்கோ அறுந்துள்ளது. பிறகு ஒவ்வொரு முனைக்கும் வண்டியின் இரும்புக்கும் இடையே அளந்து பாருங்கள். இங்கே எந்தத் தொடர்பும் காட்டலாகாது. தொடர்பு காட்டும் கம்பியே நான்கையும் ஊமையாக்கிய கள்வன்.

மல்டிமீட்டர் இல்லாதவர் 1.5 வோல்ட் கட்டையைக் கொண்டு சோதிக்கலாம். கழற்றிய செருகியின் வண்டிப் பக்கத்தில், ஒரு ஸ்பீக்கருக்குரிய இரு முனைகளில் கட்டையை ஒரு கணம் தொட்டு எடுங்கள். அந்தக் கதவிலிருந்து 'டப்' என்று சிற்றொலி எழுந்தால் கம்பியும் ஸ்பீக்கரும் உயிரோடிருக்கின்றன. தொட்டவாறே வைத்திருத்தல் கூடாது. காரின் 12 வோல்ட் பாட்டரியைக் கொண்டு இச்சோதனையைச் செய்யவே கூடாது, ஸ்பீக்கர் கருகிவிடும். செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே தனி ஆம்ப்ளிபயர் உள்ள கார்களில் இச்சோதனைகளை ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்லும் முனைகளிலேயே செய்தல் வேண்டும்.

நான்கு ஸ்பீக்கர்களும் நலமென்று தெரிந்த பின்னும் ஓசை இல்லையானால், நல்ல ஸ்பீக்கர் ஒன்றைத் தனியே இரு கம்பிகளால் செட்டின் ஒரு வழியில் நேரே இணைத்துப் பாருங்கள். அதிலும் ஓசை வராவிட்டால்தான் செட்டின் ஆம்ப்ளிபயர் சில்லைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன்பும் ஒன்று உண்டு. சில செட்டுகளில், தொலைபேசி வரும்போது பாட்டை அடக்குவதற்கென்றே ஒரு தனிக் கம்பி இருக்கும். பயன்படுத்தாத அக்கம்பியின் முனை இரும்பில் பட்டுக்கொண்டிருந்தால் செட் ஓயாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும். முனையில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால் போதும்.

இருக்கையின் அடியிலோ டிக்கியிலோ தனி ஆம்ப்ளிபயர் வைத்திருப்போர் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். பாட்டரியின் அருகே தடித்த கம்பியில் உள்ள பியூஸ் ஒன்று. செட்டிலிருந்து வரும், வெள்ளைக் கோடிட்ட நீலக் கம்பி மற்றொன்று. ஆம்ப்ளிபயரை எழுப்பும் ஆணை அதன் வழியேதான் செல்கிறது. செட்டைப் போட்டதும் அதில் 12 வோல்ட் இருத்தல் வேண்டும். மூன்றாவது எர்த். வண்ணப்பூச்சைச் சுரண்டாமல் இறுக்கிய எர்த் சில மாதங்களில் கைவிட்டுவிடும். ஆம்ப்ளிபயரில் சிவப்பு விளக்கு எரிந்தால், அது தன்னைக் காத்துக்கொள்ள ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது அதனைக் குறை கூறாமல் ஸ்பீக்கர்க் கம்பிகளைச் சோதியுங்கள்.

அரை மணி நேரம் பாடிவிட்டு ஓசை நின்று, வண்டியைச் சற்று நிறுத்தி ஆறவிட்டதும் திரும்ப வருகிறதா? அது வெப்பத்தின் வேலை. நாகபுரியின் மே மாத வெயிலில் நின்ற காரில் டாஷ்போர்டின் உள்ளே இருக்கும் சூடு பெரிது. அதனோடு, ஒரே வழியில் இரண்டு ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பாகக் கட்டியிருந்தால், 4 ஓம் 2 ஓமாகக் குறைந்து, சில்லின் மேல் சுமை இரட்டிக்கும். அட்டைப் பெட்டியில் '50 வாட், நான்கு வழி' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 10 ஆம்பியர் பியூஸ் உள்ள செட் 14 வோல்ட்டில் இடைவிடாது இழுக்கக்கூடியது 140 வாட்தான். அதிலும் ஒரு பகுதி வெப்பமாகக் கழியும். அச்சிட்ட 200 வாட் நொடிப்பொழுது உச்சக் கணக்கு.

ஒரு பக்க ஓசை மட்டும் இல்லாவிட்டால், பழுது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கம்பியிலோ ஸ்பீக்கரிலோ இருக்கும். இடம் மாற்றிப் பார்ப்பதே இதற்கு வழி. ஊமையான ஸ்பீக்கரின் கம்பியைச் செட்டின் நல்ல வழியில் இணையுங்கள். ஊமை அப்படியே இருந்தால் குற்றம் ஸ்பீக்கர்ப் பக்கம். பாடத் தொடங்கினால் குற்றம் செட்டின் பக்கம். மழைக்காலத்தில் கதவின் உள்ளே இறங்கும் நீர் காகிதக் கூம்பை ஊறச் செய்வதும், நிறுத்தி வைத்த வண்டியில் எலி புகுந்து கம்பியைக் கடிப்பதும் பல ஊர்களில் உண்டு. வெள்ளநீர் புகுந்த காராயின், உலருமுன் சாவியைத் திருகிப் பார்க்கலாகாது. பாட்டரியின் இணைப்பை நீக்கிக் கைதேர்ந்தவரிடம் காட்டுவதே முறை.

பென் டிரைவ் பாடுகிறது, வானொலி மட்டும் பாடவில்லை என்றால் ஏரியலைப் பாருங்கள். சில கார்களில் ஏரியலின் அடியில் சிறு ஆம்ப்ளிபயர் ஒன்று உண்டு. செட்டின் நீலக் கம்பி அதற்கு மின்சாரம் தருகிறது. புதுச் செட் பொருத்தும்போது அதனை இணைக்காமல் விட்டால் நிலையங்கள் மங்கிவிடும். ஆனால் ஊரை விட்டு நெடுந்தூரம் சென்ற பின் பண்பலை நிலையம் மறைவது பழுதாகாது. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது; பூமியின் வளைவும் மலையும் அதனைத் தடுக்கும். மத்திய அலையோ இரவில் மேல்வளி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். இன்று தமிழ் நிலையங்கள் பலவற்றைக் கைப்பேசியில் இணைய வழியே எந்த மாநிலத்திலும் கேட்க முடிகிறது. மலைப்பாதையில் அது நின்றுபோனால், நின்றது கைப்பேசியின் தொடர்பே அன்றிக் காரின் செட் அன்று.

நாமே செய்யத்தகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்டீயரிங் சக்கரத்திலும் டாஷ்போர்டிலும் உயிர் காக்கும் காற்றுப்பைகள் உள்ளன. அவற்றின் கம்பிகளும் செருகிகளும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். செட்டின் மஞ்சள் கம்பியோடு இவற்றை மயங்கலாகாது. இவற்றில் மல்டிமீட்டரின் முனையை வைத்தால் காற்றுப்பை வெடித்து விரியக்கூடும். அப்பகுதியைத் திறக்க வேண்டிய வேலை எதுவாயினும் தொழிற்கூடத்திற்கே உரியது. தொழிற்சாலையில் பொருத்திய பெரிய திரையுள்ள செட், குளிர்சாதனம், பின்புறக் காமிரா ஆகியவற்றோடு பிணைந்த கார்களிலும், உத்தரவாதக் காலம் முடியாத கார்களிலும், பியூஸையும் அமைப்புகளையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்க. எந்தக் காரிலும் தொழிற்சாலைச் செருகியை வெட்டிக் கம்பியை முறுக்கி ஒட்டுப்போட யாரையும் அனுமதிக்காதீர்கள். அதற்குப் பொருந்தும் இடைச்செருகி கடைகளில் கிடைக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு தொழில் தெரிந்தவரிடம் செல்ல நேர்ந்தால், வெறுங்கையோடு செல்ல மாட்டீர்கள். கண்டவற்றை ஒரு துண்டுத் தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பியூஸ், ஸ்பீக்கர், எர்த், கனெக்ஷன் என்னும் சொற்கள் இந்தியாவெங்கும் பொது. ஹிந்தி பேசும் ஊரில் கம்பிக்குத் 'தார்' என்று பெயர். சாலைக்குப் போடும் தாரையோ வாழைத்தாரையோ அவர் நினைக்க மாட்டார். 'பத்தி ஜல் ரஹீ ஹை, ஆவாஜ் நஹீ ஆ ரஹீ' என்றால், விளக்கு எரிகிறது, ஓசை வரவில்லை என்பது பொருள். "பியூஸ் நன்றாயிருக்கிறது, நான்கு ஸ்பீக்கர்களையும் அளந்துவிட்டேன், பின் இடக் கதவுக் கம்பி எர்த்தைத் தொடுகிறது" என்று கூறும் வாடிக்கையாளரிடம் செட்டை மாற்றச் சொல்ல எவர்க்கும் மனம் வராது. நேர்மையான தொழிலாளிக்கும் இது பேருதவி. அவருடைய ஒரு மணி நேரத் தேடலை நீங்கள் மிச்சப்படுத்தியிருக்கிறீர்கள். ஒரு பகுதியை மாற்றினால் பழையதைத் தரும்படி கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்குமுன், நான்கு ஸ்பீக்கர்களும் தனித்தனியே பாடுவதை அவர் முன்னிலையிலேயே கேட்டுச் சரிபாருங்கள்.

1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மோட்டரோலா என்னும் பெயரில் காருக்கான வானொலி விற்பனைக்கு வந்தபோது, அது வால்வுகள் நிறைந்த கனத்த பெட்டி. அந்நாளைய பெட்டிகளில் வால்வு எரிவதும், மின்சாரத்தை மாற்றித்தரும் அதிர்வுக் கருவி தேய்வதும் சாதாரணம். ஆதலால் ஓசை நின்றால் பெட்டியைத் திறப்பது அன்று நியாயமாக இருந்தது. இன்று பெட்டி உறுதிப்பட்டுவிட்டது. அதற்கு வெளியே வெயிலிலும் மழையிலும் கதவின் அசைவிலும் துன்புறும் கம்பிகளும் முனைகளும் பியூஸ்களுமே முதலில் தளர்கின்றன. ஆகவே தேடலும் வெளியிலிருந்தே தொடங்க வேண்டும்.

நேயர்களே, அடுத்த நெடும்பயணத்திற்கு முன், உங்கள் காரின் பியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்று இன்றே திறந்து பார்த்துவையுங்கள். உரிய நிறத்தில் இரண்டு பியூஸ்களையும், ஒரு 1.5 வோல்ட் கட்டையையும், சிறிது இன்சுலேஷன் டேப்பையும் கையுறைப் பெட்டியில் போட்டுவையுங்கள். ஓசை நின்றால் ஓட்டிக்கொண்டே செட்டை நோண்ட வேண்டாம். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சாவியை அணைத்து, பாட்டரியிலிருந்து ஸ்பீக்கர் வரை நிலையம் நிலையமாகச் சென்று பாருங்கள். உங்கள் பயணங்கள் இனிய ஓசையோடு அமைவனவாக.